அந்துப்பூச்சிப் படத்தைச் சட்டமிடும் முன்

பழைய நூல்களிலிருந்து வெட்டியெடுத்த அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் படத்தாள்கள் இப்போது கொழும்பு வீடுகளில் அலங்காரப் பொருளாகிவிட்டன. பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். மழைக்காலம் முடிந்ததும் இந்தப் படச்சட்டங்கள் என் மேசைக்கு வரத் தொடங்கும். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், பின்பக்கம் பூஞ்சணம் பூத்திருக்கும், ஓரங்களை இராமபாணப் பூச்சி சுரண்டியிருக்கும். "வடிவான படம், எப்படியாவது காப்பாற்றித் தாங்கோ" என்பார்கள். இது எந்தப் புத்தகத்துத் தாள், எத்தனையாவது படம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பூஞ்சணத்தைவிட எனக்குக் கவலை தருவது இந்த மௌனம்தான்.

ஏனென்றால் அந்தப் படங்கள் சுவருக்காக வரையப்பட்டவை அல்ல. ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரெடெரிக் மூர் இலங்கையின் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதி, இலங்கை அரசின் ஆதரவோடு 1880 முதல் 1887 வரை லண்டனில் வெளியான 'த லெப்பிடொப்டெரா ஒஃப் சிலோன்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தொகுதிகள், 215 வண்ணப் படத்தாள்கள். முதல் தொகுதி வண்ணத்துப்பூச்சிகளுக்கு, மற்ற இரண்டும் அந்துப்பூச்சிகளுக்கு. டப்ரபேன் என்ற இத்தீவின் பழம்பெயரைச் சுமக்கும் அட்டாகஸ் டப்ரபானிஸ் என்ற பெரிய அந்துப்பூச்சிக்கு மூர் பெயர் சூட்டியது 1882இல். அவர் லண்டனில் இருந்து எழுதினார். புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் உயிரோடு பார்த்து வரைந்தவர்கள் இங்கே இருந்தார்கள். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸின் மேற்பார்வையில் வேலை செய்த வில்லியம், ஜோர்ஜ் டி அல்விஸ் சகோதரர்கள்தான் அவர்கள். அவர்களுடைய தந்தை ஹர்மானிஸும் அதே பூங்காவின் ஓவியராக இருந்தவர்.

இவர்களின் தூரிகை ஏன் அவ்வளவு முக்கியம்? வளர்ந்த பூச்சியை ஊசியில் குத்திக் காயவைத்தால் சிறகின் நிறம் பல தலைமுறைக்கு நிற்கும். புழு அப்படியல்ல. காயவைத்தால் சுருங்கும், மதுசாரத்தில் இட்டால் நிறம் கழன்றுபோகும். நிறப் புகைப்படம் கைக்கு வராத அந்தக் காலத்தில், ஒரு புழுவின் பச்சை எத்தகைய பச்சை, பக்கக்கோடு வெள்ளையா மஞ்சளா என்பதற்கு ஓவியரின் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதுவும் புழு கூட்டுப்புழுவாகும் முன்னரே வரைந்து முடித்தாக வேண்டும். பக்கத்தில் வரைந்த இலையும் வெறும் அழகுக்கு அல்ல. எந்தப் புழு எதைத் தின்கிறது என்பதன் பதிவு அது. அலரியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் அலரிப் பருந்தந்து என்ற பச்சைநிற அந்துப்பூச்சியைக் கொழும்புத் தோட்டங்களில் இன்றும் காணலாம். செடியைத் தெரிந்தால் புழுவைத் தேடிப் பிடிக்கலாம்.

புழு, கூடு, பூச்சி, செடி எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்க்கும் இந்த முறைக்கு வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் ஓவியர் மரியா சிபில்லா மெரியன். 1699இல் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறி, தானே புழு வளர்த்துப் பார்த்து, 1705இல் நூலாக வெளியிட்டார். அவருக்குச் சற்று முந்திய டச்சு ஓவியர் ஒட்டோ மார்சேயுஸ் வான் ஸ்க்ரீக் உண்மையான வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளையே ஈர வண்ணத்தில் பதித்தவர். அவருடைய ஓவியங்களில் சிறகுச் செதில்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஓவியர் வான் கோக் 1889 மே மாதம் பிரான்ஸின் சான் ரெமியில் ஒரு பெரிய அந்துப்பூச்சியைக் கண்டார். முழுமையாகத் தீட்ட வேண்டுமானால் அதைக் கொன்றிருக்க வேண்டும், அவ்வளவு அழகான உயிரை அப்படிச் செய்வது பாவமாக இருந்தது என்று தம்பிக்கு எழுதினார். அதை மண்டையோட்டு அந்துப்பூச்சி என்று நினைத்தார், உண்மையில் அது பெரிய மயில் அந்துப்பூச்சி. அவர் பெயரில் தவறினாலும் படத்தைப் பார்த்தே இனத்தை அடையாளம் காண முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

இனி வீட்டுக்கு வருவோம். இந்தத் தாள்கள் பலவற்றில் கோடுகள் கல்லச்சில் பதிந்தவை, நிறம் கையால் தீட்டியது. அந்த நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது நீரில் கரையும் பிசின். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் சிறகே போய்விடும். செலோடேப் ஒட்டினால் அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகும். லெமினேட் செய்த தாளைச் சேதமின்றிப் பிரிப்பது பெரும்பாடு, பலவேளை நடக்காத காரியம். கடலோரக் காற்று எந்நேரமும் ஈரமாக இருக்கும் ஊர் இது. மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற மட்டையால் இடைவெளி விடச் சொல்லுங்கள். பழைய பளிச்சென்ற பச்சைகளில் ஆர்சனிக் இருக்கக்கூடும், தொட்டால் கையைக் கழுவுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சிறகு கறுத்துப்போன படங்கள் என்னிடம் வருகின்றன. பூஞ்சணம் என்று நினைத்துச் சுரண்டியிருப்பார்கள். அந்தக் காலத்து ஈயவெள்ளை, காற்றிலுள்ள ஐதரசன் சல்பைட்டு பட்டால் கறுத்த ஈய சல்பைட்டாக மாறும். பயிற்சி பெற்றவர் அதைப் பெரும்பாலும் மீண்டும் வெளுக்கச் செய்யலாம், சுரண்டிய நிறத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. கறுத்த படத்தை அப்படியே நம்பினால் வெள்ளை அந்துப்பூச்சியைக் கறுப்பு இனமென்று எண்ணிவிடவும் கூடும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தனித்தாள் இருந்தால், மூலையில் அச்சான எண்ணைத் தேடுங்கள். மூரின் நூல் முழுவதும் 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தாளை அதோடு ஒப்பிட்டு, நூற்பெயர், தொகுதி, படஎண், பூச்சியின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் பின்மட்டையில் எழுதி வையுங்கள், தாளில் எழுத வேண்டாம். முழுப் புத்தகமாக இருந்தால், வியாபாரி எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் படங்களைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.