காற்றின் மேல் படுக்கப் பழகுவது

போன தீபாவளிக்கு அக்கா மகள் மலேசியாவில் நாங்கள் இருக்கும் லாபிஸுக்கு வந்திருந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். காலையில் பசியாறிவிட்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். மெல்ல நெஞ்சை உயர்த்தினாள், தொடைகளை உயர்த்தினாள். முழங்கை மடிந்த கைகள் தலைக்கு இரண்டு பக்கமும் தரையைத் தொடாமல் நின்றன. முழங்கால்கள் பாதி மடிந்திருந்தன. தரையில் பட்டுக்கொண்டிருந்தது அடிவயிறும் இடுப்பும் மட்டும்தான். "மாமா, மணி பாருங்க, ஒரு நிமிஷம்" என்றாள். நாற்பதாவது விநாடியில் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அவள் தாய்லாந்துக்குப் போய்ப் போய் ஸ்கைடைவிங் கற்றுக்கொள்கிறாள். விமானத்திலிருந்து குதித்து, முக்கால் நிமிடம் பாராசூட்டைத் திறக்காமலே விழுந்து, அப்புறம் அதைத் திறக்கிற வான்குதிப்பு. என் அம்மாவுக்குப் பேத்தியின் இந்த ஆசை பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தார். "மேல இருந்து குதிக்கிறதுக்கு எதுக்கும்மா கீழ படுத்துப் பழகுற?" என்று கேட்டார். பல வருடம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். ஒரு வேலைக்கு உடம்பு எப்படி நிற்க வேண்டும் என்பதை உடம்பாலேயே அறிந்தவர். அவர் கேட்டது நல்ல கேள்வி. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அன்று முழுவதும் அதே நினைப்பாக இருந்தது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். விழுகிற எந்தப் பொருளின் வேகமும் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். காற்று இல்லாவிட்டால் அது கூடிக்கொண்டே போகும். காற்று இருப்பதால் அப்படி நடப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். விழத் தொடங்கிச் சுமார் 12 விநாடியில் காற்றுத் தடையும் உடல் எடையும் சமமாகிவிடும். அதன் பிறகு வேகம் கூடாது. அந்த நிலையைத்தான் முற்றுத் திசைவேகம் என்கிறோம். வயிறு கீழே இருக்கும்படி படுத்து விழுகிறவருக்கு அது மணிக்கு ஏறக்குறைய 190 முதல் 200 கிலோமீட்டர்.

இந்தக் காற்றுக்கு எவ்வளவு பலம் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. மோட்டாரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் உட்கார்ந்து போகும்போது உள்ளங்கையை எதிர்காற்றில் விரித்திருப்பீர்கள். கையை அரைக் கிலோ கனம் பின்னுக்குத் தள்ளுவது போல இருக்கும். 200 கிலோமீட்டரில் அது ஆறு மடங்காகும். ஒரு உள்ளங்கையில் மட்டும் இரண்டரை, மூன்று கிலோ. கால், தொடை, மார்பு என்று உடல் முழுவதும் சேர்த்தால் அந்தக் காற்று ஒரு ஆளின் எடையையே தாங்கி நிற்கிறது. அதனால் வான்குதிப்பவர்கள் அதைக் காற்று என்று நினைப்பதில்லை, மெத்தை என்று நினைக்கிறார்கள். சரி, ஆளைத் தாங்கும் பலம் அந்த மெத்தைக்கு உண்டென்றால், ஆளைப் புரட்டிப் போடும் பலமும் உண்டு. விழக் கற்றுக்கொள்வதென்றால் அந்த மெத்தையின் மேல் புரளாமல் படுக்கக் கற்றுக்கொள்வதுதான்.

ஒரு காலத்தில் இது யாருக்கும் தெரியாது. பாராசூட் திறக்காமல் விழுகிற மனிதர் மயங்கிவிடுவார் என்றே பலர் நம்பினார்கள். 1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லெஸ்லி இர்வின் என்பவர் விமானத்திலிருந்து குதித்து, விழுந்துகொண்டிருக்கும்போதே தன் கையால் பாராசூட்டைத் திறந்து, அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கினார். மயக்கம் பிரச்சினையே இல்லை. குட்டிக்கரணம்தான் பிரச்சினை. கையையும் காலையும் எப்படி வைத்தால் உடல் புரளாது என்பதை ஆராய்ந்து, கைகால்களை விரித்து முதுகை வளைத்துப் படுக்கும் நிலையை 1940களின் இறுதியில் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் நாட்டு லியோ வாலன்டான். இன்றைக்கும் முதல் பாடம் அதுதான்.

அந்த வளைவு ஏன் வேலை செய்கிறது? இதற்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் பூப்பந்து. தக்கையில் 16 இறகுகள் குத்திய, ஐந்து கிராம் எடையுள்ள அந்தப் பந்தை எப்படி வேண்டுமானாலும் தூக்கிப் போடுங்கள். தலைகீழாகப் போடுங்கள், பக்கவாட்டில் போடுங்கள். ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் தக்கை முன்னே, இறகு பின்னே என்று திரும்பிக்கொள்ளும். எடை முழுவதும் தக்கைப் பக்கம், காற்று பிடித்து இழுப்பது இறகுப் பக்கம். எடை மையம் கொள்ளும் இடம் ஈர்ப்பு மையம், காற்றின் தள்ளுதல் மையம் கொள்ளும் இடம் அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னாலும் அழுத்த மையம் பின்னாலும் இருந்தால், பொருள் கொஞ்சம் கோணலானதும் காற்றே அதைப் பிடித்து நேராக்கிவிடும். செம்பனைத் தோட்டத்தில் மட்டை வெட்டுகிறவர்கள் இதைக் கணக்குப் போடாமலே அறிவார்கள். கனத்த அடிப்பக்கம் கீழே வரும், ஓலை பின்னால் வரும், அதை வைத்துத்தான் ஒதுங்கி நிற்பார்கள்.

வான்குதிப்பவரின் உடலில் தக்கை எது? இடுப்பு. கைகளும் கால்களும் இறகு. இடுப்பைக் காற்றுக்குள் முன்னே தள்ளி, கைகால்களை மேல்நோக்கி விட்டுவிட்டால் உடல் ஒரு பெரிய பூப்பந்தாகிவிடும்.

இதை என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட ஒரு சின்னச் சோதனை செய்தேன். கப் கேக் சுடும் காகிதக் கிண்ணம் ஒன்று, அதே அளவுக்கு வட்டமாக வெட்டிய தட்டையான காகிதம் ஒன்று. பள்ளி மாடிப் படியில் நின்று இரண்டையும் போட்டோம். தட்டைக் காகிதம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சறுக்கியது, புரண்டது, ஒரு தடவை படிக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. கிண்ணம் அடிப்பாகம் கீழே இருக்க, ஆடாமல் அசையாமல் இறங்கியது. வேண்டுமென்றே கவிழ்த்துப் போட்டபோதும் பாதி வழியில் புரண்டு, அடிப்பாகத்தைக் கீழே கொண்டுவந்துவிட்டது. ஒரு பையன் விடாமல் பன்னிரண்டு முறை கவிழ்த்துப் போட்டுப் பார்த்தான். காகிதத்தின் எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது வடிவம் மட்டும்.

கிண்ணத்தின் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதில்தான் விஷயம். கிண்ணம் வலது பக்கம் சாய்ந்தால், தாழ்ந்த வலது விளிம்பு காற்றுக்கு நேராகத் தட்டையாகிவிடும், அதைக் காற்று அதிகமாகத் தூக்கும். உயர்ந்த இடது விளிம்பு காற்றின் போக்கோடு ஒட்டி நிமிர்ந்துகொள்ளும், அங்கே தூக்கல் குறையும். தாழ்ந்தது மேலே வரும், உயர்ந்தது கீழே போகும். யாரும் ஓட்டவில்லை, தானே நேராகிறது. அக்கா மகள் தரையில் செய்த வில் இந்தக் கிண்ணம்தான். அந்த வில் நேர்மாறாக வளைந்தால், அதாவது பயத்தில் வயிற்றை உள்ளே இழுத்து உடலைச் சுருட்டிக்கொண்டால், கிண்ணம் கவிழ்ந்த கதைதான். காற்று உடனே ஆளை மல்லாக்கப் புரட்டிவிடும். பயந்தவுடன் சுருண்டுகொள்வது மனித உடம்பின் இயல்பு. வான்குதிப்புப் பயிற்சியில் பாதி, அந்த இயல்புக்கு எதிராக வயிற்றைத் திறந்து கொடுக்கப் பழகுவது.

இன்னொரு பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வளைவு சரியாக இருந்தும் புதியவர்கள் தண்ணீரில் மிதக்கும் தகரம் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவார்கள். காரணம் விறைப்பு. கை, கால், கழுத்து எல்லாவற்றையும் இறுக்கிவைத்தால் உடல் ஒரே பலகையாகிவிடும். ஒரு பக்கத்தில் கொஞ்சம் காற்று கூடினால் பலகை முழுவதும் சாயும். அதைச் சரிசெய்ய ஆள் பதறி மறுபக்கம் அழுத்த, அங்கே சாயும். தளர்வாக விட்ட கை அப்படியில்லை. காற்று கூடினால் அந்தக் கை மட்டும் கொஞ்சம் மேலே போய் அதை வாங்கிக்கொள்ளும், உடல் வரைக்கும் சேதி போகாது. இடுப்பில் மட்டும் உறுதி, மற்றதெல்லாம் தளர்வு. கேட்பதற்குச் சுலபம். மணிக்கு 200 கிலோமீட்டரில், நான்காயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சு விடவே மறந்து போகிற முதல் தடவையில், அது உலகத்திலேயே கடினமான காரியம் என்றாள் அக்கா மகள். ஆசிரியர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி 'தளர்த்து' என்று சைகை காட்டியபோதுதான் தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதே தெரிந்ததாம்.

நிலையாகப் படுக்க வந்துவிட்டால் திரும்புவதும் நகர்வதும் அதிலிருந்தே வரும். வலது முழங்கையைச் சற்று அழுத்தினால் உடல் வலப்பக்கம் சாய்ந்து, காற்று ஒருபக்கமாக வழிந்து ஓடி, உடல் வலப்பக்கம் திரும்பும். கால்களை நீட்டினால் முன்னே நகரும், மடக்கினால் பின்னே நகரும். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக மடிந்திருந்தாலே போதும், ஆள் தனக்கே தெரியாமல் மெல்லச் சுழல ஆரம்பிப்பார். கண்ணுக்குப் பின்னால் இருப்பதால் கால்களைப் புதியவர்கள் மறந்தே விடுகிறார்கள். அதற்கும் ஒரு சைகை உண்டு. இரண்டு விரலை நீட்டிக் காட்டினால் காலை நீட்டு என்று பொருள்.

குதிக்கும் அந்த முதல் பத்து விநாடி தனி. விமானம் முன்னோக்கிப் பறந்துகொண்டிருப்பதால், கதவைத் தாண்டியதும் காற்று கீழிருந்து அடிப்பதில்லை, விமானம் போகும் திசையிலிருந்து அடிக்கும். எனவே வயிற்றைத் தரைக்குக் காட்டாமல் அந்தக் காற்றுக்குக் காட்ட வேண்டும். விழ விழக் காற்று வரும் திசை மெல்ல மெல்லக் கீழ்ப்பக்கமாகத் திரும்பும், உடலும் ஒரு குன்றிலிருந்து சறுக்கி வருவது போல அதோடு திரும்பும். ஏற்கெனவே விமானத்தின் வேகத்தில் காற்றில் இருப்பதால், மின்தூக்கி சட்டென்று இறங்கும்போது வயிறு தூக்குமே, அந்த உணர்வு வருவதில்லை.

சுழற்சி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இரண்டு சாட்சிகள். 1959 நவம்பரில் அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர் 23 கிலோமீட்டருக்கு மேல் பலூனிலிருந்து குதித்தபோது, உடலை நிலைப்படுத்த வேண்டிய சின்னப் பாராசூட் அவர் கழுத்தில் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று சுழன்று நினைவிழந்தார். தானாகத் திறக்கும் பாராசூட்தான் அவரைக் காப்பாற்றியது. இன்னொருவர் பீலிக்ஸ் பாம்கார்ட்னர். 1999இல் நம் பெட்ரோனாஸ் கோபுரத்திலிருந்து குதித்துப் பெயர் வாங்கிய அதே மனிதர். 2012 அக்டோபர் 14 அன்று அவர் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கையை நீட்டினாலும் மடக்கினாலும் பிடித்துக்கொள்ளக் காற்று இல்லை. வேகமாகச் சுழல ஆரம்பித்தார். கீழே இறங்கி அடர்த்தியான காற்று வந்த பிறகுதான் கைகால்களுக்குப் பிடி கிடைத்து, சுழற்சியை நிறுத்தினார். இறகு இருந்தும் காற்று இல்லாவிட்டால் பூப்பந்தும் வெறும் பந்துதான்.

காற்றைக் கீழே கொண்டுவந்து பழகவும் வழி இருக்கிறது. செங்குத்தான குழாயில் பெரிய விசிறிகளால் காற்றை மேல்நோக்கி ஓட்டினால், விழாமலே விழப் பழகலாம். 1964இல் அமெரிக்காவின் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் ஜாக் டிஃபனி என்பவர் முதன்முதலில் அப்படி மிதந்தார். சிங்கப்பூர் செந்தோசாவில் 2011 முதல் இருக்கும் குழாய் சுமார் 5 மீட்டர் அகலம், 17 மீட்டர் உயரம். அக்கா மகள் அங்கேதான் தொடங்கினாள். முக்கால் நிமிட வானத்துக்கு அங்கே பல நிமிடங்கள் கிடைக்கும், தப்பு செய்தால் வலையில் விழலாம்.

வானத்தில் முதல் சில தடவை இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டே வருவார்கள். கையில் உயரமானி. மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் முன்னுரிமை ஒன்று உண்டு, அதன் வரிசை முக்கியம். முதலாவது, பாராசூட்டைத் திற. இரண்டாவது, உரிய உயரத்தில் திற. மூன்றாவதுதான், நிலையாக இருக்கும்போது திற. நிலை கைவிட்டுப் போனால் ஐந்து விநாடி முயன்று பார்க்கலாம். வரவில்லையென்றால் புரண்டுகொண்டே திறந்துவிட வேண்டும். உயரத்தை இழந்தால் திரும்பக் கிடைக்காது. நிலையாகத் திறந்தால் கயிறுகள் கைகாலில் சிக்காமல் நேராக மேலே போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று கடைசியாக அவள் பாராசூட் திறக்கும் அசைவையும் தரையில் படுத்துச் செய்து காட்டினாள். வலது கை பின்னால் போய் இடுப்புக்குக் கீழே இருக்கும் பிடியைத் தேடியது. அதே நேரத்தில் இடது கை தலைக்கு மேலே முன்னே நீண்டது. அம்மா நாற்காலியிலிருந்து குனிந்தார்.

"பிடிக்கிறது வலது கை. இடது கை எதுக்கு மேல போகுது?"

"வலது கை பின்னால போனதும் முன்னால காற்றைப் பிடிக்க அங்க கை இல்ல பாட்டி. இடது கையை அப்படியே விட்டா ஒரு பக்கம் கூடிப்போயி ஆளைத் திருப்பிடும். அதுக்குத்தான் இது முன்னால போய்ச் சரிக்கட்டுது."

அம்மா கொஞ்ச நேரம் அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "சரி, திரும்பப் படு. இந்தத் தடவை நான் மணி பாக்குறேன்" என்றார்.