மீட்டரைப் பார்த்ததும் டோஸைக் கூட்டாதீர்கள்

"காலையில 380 இருந்துச்சு டாக்டர், அதான் ஒரு யூனிட் சேர்த்துப் போட்டேன்."

இதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன். கடைசியாகச் சொன்னவரின் பூனை அப்போது மேஜையில் வலிப்பில் துடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எடுத்த ரத்தச் சர்க்கரை ரீடிங் 31. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் 2 யூனிட் என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பூனை அது. ஒவ்வொரு நாளும் காலை ரீடிங் அதிகமாக இருக்கிறதே என்று அரை, இன்னொரு அரை, பிறகு ஒன்று என ஏற்றிக்கொண்டே போய் 5 யூனிட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பூனை பிழைத்துக்கொண்டது. ஆனால் இரண்டு நாள் குளுக்கோஸ் டிரிப்பில் கிடந்த பிறகு.

கவனக்குறைவான வீடு என்றால் இவ்வளவு எரிச்சல் வராது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து, காது நுனியில் சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்து, நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறவர்கள்தான் இப்படிச் செய்கிறார்கள். அக்கறை இல்லாதவர் மீட்டரே வாங்குவதில்லையே. அதனால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊசி போடும் நேரத்தில் வரும் ரீடிங் அதிகமாக இருப்பதுதான் இயல்பு. முந்தைய ஊசி போட்டு 12 மணி நேரம் ஆகி, அதன் வேலை முடியும் தறுவாயில் நீங்கள் பார்க்கிறீர்கள். அந்த நாளின் மிக உயரமான புள்ளி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து டோஸ் போதுமா போதாதா என்று முடிவு செய்ய முடியாது. டோஸை முடிவு செய்வது அடிப்புள்ளி, அதாவது ஊசி போட்டபின் சர்க்கரை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. பல பூனைகளுக்கு அது ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்துக்குள் வரும். இன்சுலினுக்கு இன்சுலின், பூனைக்குப் பூனை மாறும். காலை 8 மணிக்கு 380 காட்டிய பூனை மதியம் 2 மணிக்கு 70-க்கு இறங்கியிருக்கலாம். அப்போது நீங்கள் அலுவலகத்தில் இருந்திருப்பீர்கள், அது சோபாவுக்கு அடியில் சோர்ந்து படுத்திருக்கும். மாலை வந்து பார்த்தால் மறுபடி 350. "இறங்கவே மாட்டேங்குது" என்று சொல்லி ஒரு யூனிட்டைக் கூட்டுவீர்கள். 70 இறங்கி 40 ஆகும்.

இதனால்தான் நாங்கள் கர்வ் எடுக்கச் சொல்கிறோம்: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை. அலுப்பான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். தோலில் ஒட்டும் சென்சார் கிடைத்தால் இன்னும் நல்லது, காதைக் குத்த வேண்டியதில்லை. டோஸை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு முன் 5 முதல் 7 நாளாவது பொறுக்க வேண்டும். புது டோஸுக்கு உடம்பு பழக அவ்வளவு நாள் ஆகும். அதுவரை தினசரி ரீடிங்கின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து டோஸைத் தொடாதீர்கள். விதிவிலக்கு ஒன்றே: ரீடிங் தாழ்ந்தால் அன்றே கூப்பிடுங்கள்.

இன்னொன்று. பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். பிடித்து அழுத்தி, கத்தவிட்டு, மூன்றாவது முயற்சியில் எடுத்த ரத்தத்தில் 300-க்கு மேல் வந்தால் அது நோயா, கோபமா என்று யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரை நோயே இல்லாத பூனைகூட மருத்துவமனை மேஜையில் அந்த எண்ணைக் காட்டும். அதனால்தான் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து நோய் இருப்பதாக நாங்கள் முடிவு கட்டுவதில்லை. கடந்த ஓரிரு வாரச் சராசரியைச் சொல்லும் ஃபிரக்டோசமின் சோதனையைக் கேட்கிறோம். "காசு பார்க்கத்தான் டெஸ்ட் எழுதறாங்க" என்று முணுமுணுப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்போது உடம்பு தற்காப்புக்காகக் கல்லீரலில் இருக்கும் குளுக்கோஸைக் கொட்டும். அடுத்த ரீடிங் எகிறும். இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் எங்களுக்குள்ளேயே விவாதம் உண்டு, பழைய பாடப்புத்தகங்கள் சொன்ன அளவுக்கு இல்லை. ஆனாலும், அதிக ரீடிங்குக்குக் காரணம் அதிக இன்சுலினாகவும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

380-ல் ஒரு நாள் இருக்கும் பூனை தண்ணீர் அதிகம் குடிக்கும், மணல் தட்டை அதிகம் நனைக்கும். 30-ல் ஒரு மணி நேரம் இருக்கும் பூனை செத்துப்போகலாம், அல்லது பிழைத்தும் பார்வை போய் இருக்கலாம். அதனால் சந்தேகம் வந்தால் குறைந்த பக்கம் சாயுங்கள். ஊசி உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று தெரியவில்லையா? மறுபடி போடாதீர்கள். காலை ஊசி மறந்துவிட்டதா? மாலையில் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே போட்டார்களா என்று நினைவில்லையா? போடாதீர்கள். ஒரு வேளை இன்சுலின் தவறினால் பொதுவாக எதுவும் ஆகிவிடாது. கணவர் 7 மணிக்கும் மனைவி 7:20-க்கும் போட்ட பூனைகளைப் பார்த்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள், போட்டவர் டிக் அடிக்கட்டும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் அதிகச் சர்க்கரை அவசரம்: சாப்பிடாமல், வாந்தி எடுத்து, துவண்டு கிடந்தால். அது கீட்டோ அசிடோசிஸாக, அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும் நிலையாக இருக்கலாம். அப்போது டோஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வண்டியை எடுங்கள்.

அடுத்தது சிரிஞ்ச். இன்சுலினில் யூ-40, யூ-100 என்று செறிவு வேறுபடும்: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். பூனைகளுக்கென்றே வரும் சில இன்சுலின்கள் யூ-40. மனிதர்களுக்கான கிளார்ஜின் என்ற இன்சுலின் பெரும்பாலும் யூ-100. அதே கிளார்ஜின் யூ-300 ஆகவும் வருகிறது. சிரிஞ்சும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். யூ-40 சிரிஞ்சில் 2 என்ற கோடுவரை யூ-100 இன்சுலினை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். யூ-100 சிரிஞ்சில் 2 கோடுவரை யூ-40 மருந்தை இழுத்தால் 0.8 யூனிட்தான். சிரிஞ்ச் தீர்ந்து கடைக்குப் போனால் "இன்சுலின் சிரிஞ்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய சிரிஞ்சின் உறையைக் கையில் கொண்டுபோய், எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மாற்றுக் கணக்கு அட்டவணையும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் பெருக்கல் போட்டு மருந்து இழுக்கும் வழக்கத்தை ஆரம்பிக்கவே கூடாது. அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் அதுவே பூனைக்கு உத்தமம்.

மருந்து பாட்டிலை ஃபிரிட்ஜின் உள் தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். சில இன்சுலினைக் குலுக்கக் கூடாது, சிலதை நன்றாகக் குலுக்கச் சொல்வார்கள். கூடவே வந்த தாளில் இருக்கிறது, படியுங்கள்.

இனி சாப்பாடு. "சுகர்னு சொன்னீங்க, அதனால சாப்பாட்டைப் பாதியாக்கிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். எடை குறைய வேண்டும், ஆனால் வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் என்ற நிதானத்தில். 6 கிலோ பூனைக்கு அது 30 முதல் 60 கிராம்.

முதலில் மாற வேண்டியது சாப்பாட்டின் வகை. பூனை முழுக்க முழுக்க மாமிச உண்ணி. மாவுச்சத்தைச் சமாளிக்கும் வசதி அதன் உடம்பில் குறைவு. சர்க்கரை நோய்ப் பூனைக்கு உணவின் ஆற்றலில் 12 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாக மாவுச்சத்திலிருந்து வருவது நல்லது. டிரை ஃபுட் பாக்கெட்டில் அந்த எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நீங்களே கழித்துப் பார்க்க வேண்டும்: 100-லிருந்து புரதம், கொழுப்பு, ஈரப்பதம், சாம்பல் (தாது உப்புகள்), நார்ச்சத்து ஐந்தையும் கழியுங்கள். புரதம் 32, கொழுப்பு 14, ஈரம் 10, சாம்பல் 8, நார் 3 என்றால் மீதி 33. ஆற்றல் கணக்கிலும் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. புரதம் 11, கொழுப்பு 5, ஈரம் 80, சாம்பல் 2, நார் 0.5 என்று போட்ட வெட் ஃபுட்டில் மீதி 1.5, ஆற்றலில் சுமார் 6 சதவீதம். "கிரெயின் ஃப்ரீ" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். தானியத்துக்குப் பதில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டாலும் அது மாவுச்சத்துதான். கழித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே தட்டை மாற்றி வைக்காதீர்கள்! கெஞ்சிக் கேட்கிறேன். இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் இன்சுலின் தேவையும் சில நாட்களிலேயே குறைந்துவிடும். நேற்றுவரை சரியாக இருந்த 3 யூனிட் இந்த வாரம் அதிகமாகிவிடும். நல்லது செய்யப் போய் லோ சுகரில் வந்து சேர்ந்த பூனைகள் உண்டு. முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். டோஸை எப்படிக் குறைப்பது, எந்த நாட்களில் அடிக்கடி பார்ப்பது என்று பேசிக்கொண்டு, படிப்படியாக மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருக்கும் வயதான பூனைக்குக் கணக்கே வேறு. அங்கே எதை முன்னிறுத்துவது என்று நாங்களே யோசித்துத்தான் முடிவெடுப்போம்.

தட்டை வைத்து, அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி. சாப்பிடவே இல்லை என்றால் போடாமல் கூப்பிடுங்கள். பாதி சாப்பிட்டால் என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். பலர் பாதி டோஸ் சொல்வார்கள். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் தனித்தனி அறையில் வையுங்கள். "அது சாப்பிட்டுச்சு" என்று சொல்லும்போது எது சாப்பிட்டது என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

லோ சுகர் எப்படித் தெரியும்? தள்ளாட்டம், திடீர்ப் பசி, வெறித்த பார்வை, கூப்பிட்டால் திரும்பாமை, நடுக்கம், கடைசியில் வலிப்பு. மீட்டரில் 60-க்குக் கீழே வந்தால், பூனை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் சாப்பாடு கொடுத்துவிட்டு உடனே கூப்பிடுங்கள். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாகக் குறைத்தே காட்டும்; அதற்காக "மீட்டர் தப்பு" என்று அலட்சியம் செய்யாதீர்கள். எதுவானாலும் ஒரே மீட்டரையே பயன்படுத்துங்கள், எது என்று எங்களிடம் சொல்லுங்கள். நினைவோடு இருந்தால் முதலில் சாப்பாடு. சாப்பிட முடியாத நிலையில் தேன் அல்லது குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு வந்திருக்கும்போது பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். தேன் தீர்ந்துபோகும், இன்சுலின் இன்னும் சில மணி நேரம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

மாத்திரை பற்றிக் கேட்பவர்களுக்கு: சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வாய்வழி மருந்துகள் பூனைகளுக்கென வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2022-ல் பெக்ஸாகிளிஃப்ளோசினும் 2023-ல் வெலாகிளிஃப்ளோசினும் அனுமதி பெற்றன. ஆனால் இவை ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்கானவை அல்ல. ரீடிங் சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோ அசிடோசிஸ் வரும் ஆபத்தும் உண்டு. வீட்டில் பெரியவர் சாப்பிடும் சுகர் மாத்திரையில் கால் பங்கை உடைத்துக் கொடுத்துப் பார்ப்பது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

எவ்வளவு கூட்டினாலும் இறங்கவில்லை என்றால் காரணம் வேறு எங்காவது இருக்கும்: சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கெட்டுப்போன மருந்து, சில பூனைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் கோளாறு. அதைத் தேடுவது எங்கள் வேலை. பின்னங்காலைத் தட்டையாக ஊன்றி நடந்தால் நரம்பு பாதித்திருக்கிறது. வயசாகிவிட்டது என்று விடாதீர்கள், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பலவற்றுக்குத் தேறும்.

நாய்க்குப் பெரும்பாலும் கிடைக்காத ஒரு வாய்ப்பு பூனைக்கு உண்டு. நோய் தெரிந்த முதல் சில மாதங்களில் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. அதனால்தான் ரீடிங் தொடர்ந்து தாழ்வாக வரும்போது சந்தோஷப்பட்டுச் சும்மா இருக்காமல் எங்களைக் கூப்பிட வேண்டும். தேவையில்லாத டோஸ் அங்கேதான் ஆளைச் சாய்க்கும். ஊசியை நிறுத்தியபின்னும் மாவுச்சத்துக் குறைந்த உணவு தொடரட்டும், அவ்வப்போது மீட்டரில் பாருங்கள். பிறகு எப்போதாவது அரிப்புக்கோ வீக்கத்துக்கோ வேறு மருத்துவரிடம் போனால், ஸ்டீராய்டு ஊசியை அவர் கையில் எடுக்கும் முன்பே "இதுக்கு முன்னாடி சுகர் இருந்துச்சு" என்று சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை மறுபடி ஏற்றிவிடலாம்.