கிட்டார் கரகரத்தால் ஒன்று, உறுமினால் வேறொன்று

எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் வருகிறது என்றதும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் புது வால்யூம் கன்ட்ரோல் வாங்கிவந்து மாட்டுகிறவர்கள் பெங்களூரில் நிறைய. மாட்டிய பிறகும் அதே சத்தம் வந்தால் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. குமிழைத் திருப்பும்போது மட்டும் வரும் 'கரகர' ஒரு கோளாறு, கையை எடுத்தாலும் நிற்காமல் ஓடும் 'ம்ம்ம்' வேறொரு கோளாறு, இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

முதலில் உறுமல். பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் தலைமுடி மெல்லிசில் செம்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைந்து சுருளில் சில நூறு மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் புலத்தை அசைத்தது தந்தியா, பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரா என்று சுருளுக்குத் தெரியாது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த 50-ம் அதன் மடங்குகளும்தான் ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், உறுமுகின்றன. ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால் அது இன்னும் கூர்மையான 'ஜ்ஜ்ஜ்' ஆகும். கரண்ட் போய், சைன் அலை தராத மலிவான இன்வெர்ட்டரில் வாசித்தால் கேட்கவே வேண்டாம். கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதற்காக வந்ததுதான்: எதிரெதிர் காந்தமுனைகளும் எதிரெதிர் இணைப்பும் கொண்ட இரண்டு சுருள்கள், தந்தியின் ஒலி கூடும், வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்திருப்பவர்கள் உள்ளே செம்பு டேப் ஒட்டிப் பார்ப்பார்கள். அந்த டேப்பை கிரவுண்டில் (சர்க்யூட்டின் பூஜ்ய மின்னழுத்த வயரில்) இணைத்தால் 'ஜ்ஜ்ஜ்' வகை நன்றாகக் குறையும், டிரான்ஸ்ஃபார்மரின் காந்த உறுமல் மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் அது குறையும், நிஜமாகவே.

கிட்டாரைத் திறக்கும் முன் தந்தியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் சத்தம் குறைந்தால் வயரிங் சரி என்று அர்த்தம். இரைச்சலை வாங்கி பிக்கப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது உங்கள் உடம்பு, தொட்டதும் அது கிரவுண்டோடு சேர்ந்துவிட்டது. மாற்றமே இல்லையென்றால் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதியான பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கலாம். தொட்டால் அதிகமானால் கேபிள் செருகும் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும். அடுத்து வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். உறுமல் அப்போதும் அதே அளவில் நின்றால் பிக்கப்பை விட்டுவிடலாம். ஜாக், கேபிள், ஆம்ப், இந்த வரிசையில் தேடுங்கள். தேடும் வேகத்தில் யாராவது ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் குறையலாம்தான், ஆனால் உங்கள் தந்திகள் ஆம்பின் உலோக உடலோடு இணைந்தவை, உள்ளே ஏதாவது பழுதானால் மெயின்ஸ் நேராகக் கைக்கு வரும்.

சரி, கரகரப்பு. கன்ட்ரோலுக்குள் வளைந்த கார்பன் தடம், அதன் மேல் உரசிக்கொண்டு ஓடும் உலோக நாக்கு. தூசியும் வியர்வையும் சேர்ந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும், அதுதான் அந்தக் கரகர. பின்பக்க இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை முழுக்கத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தடமே தேய்ந்துபோயிருந்தால் கிளீனர் ஒன்றும் செய்யாது. வயரைக் கழற்றி, கன்ட்ரோலின் நடுக்காலிலும் ஓரக்காலிலும் முள் மீட்டரை ஓம் நிலையில் வைத்து மெதுவாகத் திருப்பும்போது முள் ஒரே சீராக நகராமல் துள்ளினால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது மின்தடை மதிப்பைப் பாருங்கள். வழக்கமாக ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. குறைந்த மதிப்பு போட்டால் ஒலியின் கூர்மை மங்கும். அப்புறம், கடையில் எளிதில் கிடைப்பது 'பி' என்று குறித்த நேர்கோட்டு வகை. வால்யூமுக்கு 'ஏ', அதாவது மடங்குக் கணக்கில் மாறும் வகை, கேட்டு வாங்குங்கள். காது மடங்குக் கணக்கில் கேட்கிறது, அதனால் 'பி' போட்டால் பத்திலிருந்து ஐந்துக்குக் குறைத்தும் பெரிதாக ஒன்றும் தெரியாது, கடைசியில் சடாரென்று விழும். தண்டின் தடிமனையும் ஓட்டையின் அளவையும் அளந்துகொண்டு போவது நல்லது, அமெரிக்க வகை கன்ட்ரோல் பல ஆசியக் கிட்டார்களின் ஓட்டையில் நுழையாது.

பழையதைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கன்ட்ரோலின் முதுகில் கிரவுண்ட் வயர் பற்றவைக்க அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, 40 வாட் சால்டரிங் அயர்னை நன்றாகச் சூடாக்கி சில நொடிகளில் முடித்துவிட வேண்டும். சூடு போதாத அயர்னை வைத்து நிமிடக்கணக்கில் அழுத்தினால் புதுத் தடமும் கருகும். மூடுவதற்கு முன், கேபிளை ஜாக்கில் செருகி மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள்: ஒற்றைச் சுருளில் வால்யூம் முழுதாக இருக்கும்போது 6, 7 கிலோ ஓம் மாதிரி காட்டி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்ததும் மீட்டரும் பூஜ்யத்துக்கு அருகே இறங்கினால் திருகை முறுக்கிவிடலாம்.