பஞ்சு எலும்பில் இம்ப்ளான்ட்: சொரசொரப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது

பல் இம்ப்ளான்ட் என்பது விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் துளையிட்டுப் பொருத்தும் டைட்டானியம் திருகு. தாடை எலும்பு பஞ்சு போலப் பலவீனமாக இருப்பவரிடம் “மேற்பரப்பு சொரசொரப்பான இம்ப்ளான்ட் போட்டால் போதும்” என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பொருத்திய அன்று இம்ப்ளான்ட்டை ஆடாமல் நிறுத்துவது அதன் மரைகளின் இறுக்கம். மேற்பரப்பின் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது.

துளையோரத்துப் பழைய எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, புது எலும்பு வளரும். பழைய பிடி தளர்ந்து புதுப் பிடி இன்னும் வலுவாகாத காலம் ஏறக்குறைய 3, 4ஆம் வாரம். இம்ப்ளான்ட் அதிகம் தடுமாறுவது அப்போதுதான். வழவழப்பான டைட்டானியமாக இருந்தால், எலும்பு துளைச் சுவரிலிருந்து மெல்ல நகர்ந்து வர வேண்டும். சொரசொரப்பான பரப்பில் இரத்த உறைவின் இழைகள் நன்றாகப் பற்றிக்கொள்ளும்; அவற்றின் வழியே செல்கள் ஏறிவந்து உலோகத்தின் மீதே எலும்பைக் கட்டத் தொடங்கும். தளர்வுக் காலம் குறைகிறது.

இந்தச் சொரசொரப்புக்குப் பரவலான முறை ஒன்று உண்டு. 0.25 முதல் 0.5 மி.மீ. வரையுள்ள அலுமினா துகள்களை வேகமாக அடித்துப் பெரிய குழிகளை உண்டாக்கி, பிறகு சூடான அமிலத்தில் ஊறவைத்து அவற்றுக்குள் நுண்குழிகளை உண்டாக்குவார்கள். சராசரி சொரசொரப்பு 1–2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை. பின்னாளில் எலும்பு இறங்கி அந்தப் பரப்பு வெளியே தெரிந்தால் கிருமிகள் குடியேறவும் வசதியாகிவிடும். எவ்வளவு நல்ல பரப்பும் எச்சில் பட்டாலோ கையுறை உரசினாலோ கெடும்.

மேல்தாடையின் பின்பகுதியில் எலும்பு பெரும்பாலும் பஞ்சு போலத்தான் இருக்கும். அங்கே கடைசி ட்ரில்லை ஒரு அளவு சிறியதாக நிறுத்தி, நுனி கூம்பிய இம்ப்ளான்ட்டைப் போட்டால் எலும்பு அமுங்கி இறுகும். இதையே கெட்டி எலும்பில் செய்தால் அழுத்தத்தில் எலும்பு செத்துப்போகும். ட்ரில் பிடிக்கும் கை அசைந்தால் துளை நீள்வட்டமாகிவிடும்; பஞ்சு எலும்பில் அதுவே பிடியை இழக்கப் போதும். பொருத்தும்போது டார்க் (முறுக்கு விசை) சுமார் 35 நியூட்டன் சென்டிமீட்டர் கிடைக்காவிட்டால் அன்றே பல் கட்ட அவசரப்படக் கூடாது. ஆறும் காலத்தில் அசைவு 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு சூழ்ந்துகொள்ளும். எந்தப் பரப்பும் அதைத் தடுக்காது. காத்திருப்பதுதான் மலிவான சிகிச்சை.

ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலிவு நோய்) இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை. அதற்கு எடுக்கும் மருந்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்றவை தாடை எலும்பு அழுகும் அபாயத்தைக் கூட்டலாம். புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு அபாயம் பல மடங்கு. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, வருடத்துக்கு ஒரு டிரிப் என்று எடுப்பவர்கள் அதை ‘மருந்து’ என்றே நினைப்பதில்லை. தினமும் மாத்திரை உண்டா என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். பல் வேலைக்காக டெனோசுமாபைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. முதுகெலும்பு முறிவு வரை போகலாம்.

இணையாத இம்ப்ளான்ட் பெரும்பாலும் வலிப்பதில்லை. இம்ப்ளான்ட்டின் மேல் பொருத்தும் பகுதியை முறுக்கும்போது சுருக்கென்று வலித்தாலோ இம்ப்ளான்ட்டே லேசாகச் சுழன்றாலோ சந்தேகப்பட வேண்டும். நார்த்திசு சூழ்ந்து ஆடத் தொடங்கியது திரும்ப ஒட்டாது. எடுத்துவிட்டு, குழி ஆறிய பிறகே அடுத்தது.