இறுக்கினால்தான் தளரும்: வயதானவர்களின் படபடப்புக்கு வீட்டுப் பயிற்சி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகளில் இப்போது அய்யாவும் ஆச்சியும் மட்டும் இருப்பார்கள்; பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. இரவு ஒன்பதுக்கு மேல் போன் அடித்தால் ஆச்சிக்கு நெஞ்சு படபடக்கும். “மனசைத் தளர்வா வச்சுக்கங்க ஆச்சி” என்று சொல்லிப் பயனில்லை. மாதக்கணக்கில் கவலையில் இருப்பவருக்குத் தோளும் தாடையும் இறுகிக் கிடப்பதே தெரியாது, அதுவே பழகிப்போயிருக்கும்.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வகுத்த முறை இங்கேதான் உதவுகிறது. ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு சட்டென்று விட வேண்டும். இறுக்கம் எப்படி இருந்தது, விட்டதும் எப்படி இருக்கிறது என்ற வித்தியாசத்தைக் கவனிப்பதுதான் பயிற்சி. பலர் இறுக்குவதில் மும்முரமாகி இதைக் கோட்டை விடுவார்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுகுளுவென்று படுக்கச் சொல்லும். வேண்டாம், எழும்போது விழ வாய்ப்புண்டு. தாழ்வான சாய்வு நாற்காலியிலும் அதே தொல்லை. முதுகு சாயும்படி, கைப்பிடி உள்ள நாற்காலி போதும். பாதம் முழுதும் தரையில் படட்டும். சாப்பிட்ட உடனே செய்யக்கூடாது.

வலது கையை முஷ்டியாக்கி, பாதி பலத்தோடு 5 விநாடி இறுக்கவும். விட்டபின் 20 முதல் 30 விநாடி சும்மா இருந்து, விரல்களில் கனமோ வெதுவெதுப்போ தெரிகிறதா என்று பார்க்கவும். பிறகு இடது கை, மேற்கை, தோள், முகம், வயிறு, தொடை, கெண்டைக்கால். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும்.

இறுக்கும்போது மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஆகவே வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது. கெண்டைக்காலுக்கு விரல் நுனியைக் கீழே நீட்டினால் நரம்பு சுருட்டிக்கொள்ளும், பாதத்தை முழங்கால் பக்கம் இழுப்பதே நல்லது. கழுத்தைப் பின்னால் அழுத்தவே வேண்டாம். பல்செட் போட்டவர் பல்லைக் கடிக்காமல் உதட்டை மட்டும் இறுக்கலாம். வலிக்கிற மூட்டு இருந்தால் அந்த இடத்தில் இறுக்காமல் தளர்த்துவது மட்டும்.

இதோடு மூச்சு: 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும். பெரிய மூச்சாக இழுத்துத் தள்ளினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதைக் கண்டு பயம் இன்னும் கூடும். மெதுவான மூச்சு வேண்டும், பெரிய மூச்சு அல்ல.

கண்ணை மூடினால் சிலருக்குப் பதற்றம் கூடுவதும் உண்டு. வளவின் (வீட்டு முற்றத்தின்) தூண் ஒன்றைப் பார்த்தபடி, முதலில் 3 நிமிடம் மட்டும் செய்து தொடங்கலாம். முடிந்ததும் கைகாலை அசைத்து, 2 நிமிடம் உட்கார்ந்திருந்து எழ வேண்டும்.

தைராய்டு, ரத்தசோகை, ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவையும் படபடப்பைத் தரும். முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தூக்க மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் பயிற்சிக்கு உட்காராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

படபடப்பு வந்த நேரத்தில் முதன்முதலாக முயன்று, “இது நமக்குச் சரிப்படாது” என்று விட்டுவிடுவோர்தான் அதிகம். நிம்மதியான நேரத்தில் தினம் இருமுறை பழக வேண்டும். சில வாரம் போனபின் இறுக்கும் பகுதியை விட்டுவிட்டு, மூச்சை வெளியே விடும்போது மனதுக்குள் “விடு” என்று சொல்லிப் பழகலாம். போன் முதல் மணி அடிக்கும்போது மூச்சோடு “விடு”, இரண்டாம் மணியில் தோளைத் தொங்கவிடுவது, நான்காவதில் எடுத்தால் போதும்.