சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் பாடம் பதிகிறது

"என் மகள் மூன்றாம் வகுப்பு. பாதி நேரம் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்கிறார்களாம். அப்புறம் ஆசிரியர் எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பதிலுக்கு முதலில் மூளைக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். மூளையில் நியூரான்கள் என்னும் நரம்பணுக்கள் இருப்பதும், அவை சினாப்ஸ் என்னும் சந்திப்புகளில் பேசிக்கொள்வதும் பள்ளியில் படித்ததுதான். ஒரு நியூரான் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை விடும், அடுத்தது அதை வாங்கும். சரி, இதில் நினைவு எங்கே பதிகிறது?

எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இது. வாங்கும் நியூரானின் வாசலில் இரண்டு வகைக் கதவுகள். ஆம்பா என்பது சாதாரணக் கதவு. குளூட்டமேட் வந்து தட்டினால் திறந்துவிடும். இன்னொன்று என்.எம்.டி.ஏ. அதன் வாயை ஒரு மெக்னீசியம் அயனி, பாட்டிலில் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து தட்டினால் மட்டும் போதாது. அதே நொடியில் வாங்கும் நியூரானும் கிளர்ந்து, மின்னழுத்தம் ஏறியிருந்தால்தான் தக்கை கழலும். "ரெண்டு பேரும் வந்தாச்சா?" என்று பார்த்துவிட்டு வழிவிடும் காவலாள், ஒற்றை அயனி! வழி கிடைத்ததும் கால்சியம் உள்ளே பாயும். அதைத் தொடர்ந்து அங்கே ஆம்பா கதவுகள் கூடும். அடுத்த முறை அதே செய்தி வந்தால் பதில் பலமாக இருக்கும். சினாப்ஸ் இப்படி வலுவாகி அப்படியே நீடிப்பதை முயலின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் அளந்து, 1973-ல் வெளியிட்டவர்கள் டிம் பிளிஸ்ஸும் டெர்யே லோமோவும். தேர்வில் மதிப்பெண் கூட்டும் நோக்கம் எதுவும் இல்லாத ஆராய்ச்சி அது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே நிதி ஒதுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்படிச் சேர்ந்து பதிந்த நியூரான்களில் சிலவற்றை எழுப்பினால் மற்றவையும் எழும். நினைவுகூர்வது என்பது நூலின் ஒரு நுனியைப் பிடித்து மீதியை இழுப்பதுதான். புத்தகம் திறந்திருந்தால் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். மறுசாரார் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து? பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 தான். சொல்லிக்கொடுப்பதிலும் இதே கதை. குறிப்பைப் பார்த்துப் பாடம் நடத்தியவர்களைவிட, பார்க்காமல் நடத்தியவர்களுக்கே ஒரு வாரம் கழித்தும் பாடம் நன்றாக நினைவிருந்தது என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. (நடுமூளையைத் தூண்டுகிறோம், கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கிறோம் என்று கிளம்புபவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். கண்ணைக் கட்டத் தேவையில்லை, புத்தகத்தை மூடினால் போதும்.)

ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சிக்கல். புத்தகத்தை மூடி "நினைவிருப்பதைச் சொல்" என்றால் அவர்களால் கொஞ்சம்தான் சொல்ல முடிகிறது. கார்ப்பிக் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாதி நிரப்பிய வரைபடம் போன்ற பிடிமானம் கொடுத்தபோதுதான் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பலன் கிடைத்தது. வாசகரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒரு வகுப்பில் பார்த்தேன். மதியத்தில் நிழல் ஏன் குட்டையாகிறது என்று ஒரு பையன் பக்கத்துப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "சூரியன் மேல வந்துடும்ல, அப்போ..." அதோடு நின்றுவிட்டது. கை தானாகப் புத்தகத்துக்குப் போனது. ஆசிரியர் அட்டைமேல் உள்ளங்கையை வைத்தார். விடையைச் சொல்லவில்லை. "காலையில சூரியன் எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பையன் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். பிறகு பென்சிலை மேஜைமேல் நிறுத்திவைத்து, இன்னொரு கையைச் சூரியனாக்கி, பக்கவாட்டிலிருந்து மெல்ல மேலே தூக்கத் தொடங்கினான்.