அனுதாப ஓட்டு நடிப்பு விருதை வாங்கித் தருமா?

1984 டிசம்பர் தேர்தலில் ஆண்டிப்பட்டியில் எம்.ஜி.ஆர். ஜெயித்தபோது, தொகுதிப் பக்கம் ஒரு நாள்கூட அவர் எட்டிப் பார்க்கவில்லை. நியூயார்க்கில், புரூக்ளின் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அங்கே எடுத்த படக்காட்சிதான் இங்கே ஊர் ஊராக ஓடியது. ஆண்டிப்பட்டி அப்போது மதுரை மாவட்டம். ‘அனுதாப அலை’ என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சினிமா விருதுகளையும் நம்மூரில் அதே கண்ணோடுதான் பார்க்கிறோம். சிவகாசிக்குப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி 2018 பிப்ரவரி 24 அன்று இறந்தார். ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 13 அன்று, ‘மாம்’ படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அறிவித்தார்கள். “இருக்கும்போது விட்டுட்டு, போனப்புறம் குடுக்குறாங்கய்யா” என்ற பேச்சு உடனே கிளம்பியது. அதற்குக் காரணமும் இருந்தது. 1982-இன் ‘மூன்றாம் பிறை’யில் கமல்ஹாசனுக்குத் தேசிய விருது கிடைத்தது. நினைவிழந்து குழந்தையாகிப் போனவளாக நடித்த ஸ்ரீதேவிக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த நடிகை ‘அர்த்’ படத்தின் ஷபானா ஆஸ்மி.

இந்தச் சந்தேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். அதற்குத் தோதான இடம் ஆஸ்கர். பட்டியலும் முடிவும் ஆண்டுவாரியாகப் பதிவில் இருக்கின்றன.

இறந்த பிறகு நடிப்புக்காக முறைப்படி பரிந்துரைக்கப்பட்டவர்களை எடுத்துக்கொள்வோம். அனுதாபம் வேலை செய்யும் என்றால் இங்கேதான் பலமாகச் செய்ய வேண்டும். ஜேம்ஸ் டீன் 1955 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்தார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் பரிந்துரை கிடைத்தது, இரண்டிலும் தோல்வி. ஸ்பென்சர் டிரேசி 1967-இல் கடைசிப் படத்தை முடித்த சில வாரங்களிலேயே காலமானார்; விருது ராட் ஸ்டைகருக்குப் போனது. பீட்டர் ஃபின்ச் 1977 ஜனவரியில் இறந்தார், மார்ச்சில் ஜெயித்தார். 1984-ஆம் ஆண்டுப் படத்துக்காக ரால்ஃப் ரிச்சர்ட்சன் தோற்றார், 1995-ஆம் ஆண்டுப் படத்துக்காக மாசிமோ டிராய்சி தோற்றார். ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் இறந்து 2009 பிப்ரவரியில் ஜெயித்தார். சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்டில் இறந்தார். 2021 ஏப்ரலில் விருதை ஆண்டனி ஹாப்கின்ஸிடம் பறிகொடுத்தார்.

மொத்தம் எட்டுப் பரிந்துரை, இரண்டு வெற்றி. ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பேர் போட்டி. கண்ணை மூடிக்கொண்டு சீட்டெடுத்தாலே ஒருவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆக எட்டுக்கு 1.6 வெற்றி சராசரியாக வர வேண்டும், வந்தது 2. எட்டுத் தடவையில் குறைந்தது இரண்டு வெற்றி தற்செயலாகவே கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஒன்றுகூடக் கிடைக்காத வாய்ப்பு 0.8-ஐ எட்டு முறை பெருக்கினால் வரும் 0.17. சரியாக ஒன்று மட்டும் கிடைப்பது 0.34. இரண்டையும் 1-இலிருந்து கழித்தால் மிச்சம் ஏறக்குறைய 0.50. பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

“அப்படியானால் அனுதாபம் பொய்” என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எட்டு என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. இரண்டு வெற்றியை வைத்து உண்மையான வெற்றி வாய்ப்பை 95 விழுக்காடு நம்பிக்கையோடு மதிப்பிட்டால், அது 3 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இவ்வளவு அகலமான வலையில் எந்த மீனும் சிக்கும். அனுதாபம் பட்டியலுக்குள் நுழையும்போதே தன் வேலையை முடித்திருக்கலாம் என்பது இன்னொரு சிக்கல். ஆஸ்கரில் நடிப்புப் பட்டியலைத் தேர்வு செய்வது நடிகர் பிரிவு உறுப்பினர்கள் மட்டும். அவர்களில் பலர் இறந்தவரோடு வேலை பார்த்தவர்களாகவே இருப்பார்கள். கடைசி ஓட்டு எல்லாப் பிரிவினருக்கும் உரியது. ஒளிப்பதிவாளரும் ஒலிப்பதிவாளரும் அங்கே வந்துவிடுகிறார்கள், பாசம் நீர்த்துப்போகிறது.

சாவைவிட, கண்முன்னே நடக்கும் நோய்க்குத்தான் இழுப்பு அதிகம் என்று நினைக்க இடமிருக்கிறது. எலிசபெத் டெய்லர் மூன்று ஆண்டு தொடர்ந்து பட்டியலில் வந்து தோற்றவர். 1961 மார்ச்சில் லண்டனில் நிமோனியா முற்றி, மூச்சுக்குழலில் துளையிட்டுத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். ஏப்ரல் 17 அன்று கழுத்துத் தழும்போடு மேடையேறி விருது வாங்கினார். விருது வாங்கித் தந்த படமோ அவருக்கே பிடிக்காத படம். போட்டியில் இருந்த ஷெர்லி மெக்லெய்ன், தான் தோற்றது அந்தத் தொண்டை அறுவைச் சிகிச்சையிடம்தான் என்று பின்னாளில் கிண்டலாகச் சொன்னார். ஓட்டுச்சீட்டு கையில் இருக்கும் வாரங்களில் பத்திரிகை முழுக்க ஒருவரின் உயிர்ப்போராட்டமே ஓடினால், ஓட்டுப் போடுகிறவர் மனதில் முதலில் வரும் முகம் அதுதான். லெட்ஜர் விஷயத்திலோ சாவுக்கும் விழாவுக்கும் நடுவே பதின்மூன்று மாதம். அனுதாபம் மட்டும் அவ்வளவு நாள் சூடு ஆறாமல் இருந்திருக்காது.

இனி, மனதுக்குள் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். விருது கொடுக்கிறவர் “பாவம், கொடுத்துவிடலாம்” என்று நினைத்துக் கொடுப்பது அபூர்வம். உண்மையில் நடப்பது வேறு: வருத்தம் நெஞ்சில் இருக்கிறது, படத்தைப் பார்க்கிறார், தொண்டை அடைக்கிறது, அடைத்தது நடிப்பால்தான் என்று மனம் கணக்கு எழுதிவிடுகிறது. ஓர் இடத்தில் பிறந்த உணர்ச்சி இன்னோர் இடத்துக் கணக்கில் ஏறிவிடுகிறது. 1983-இல் ஷ்வார்ஸ், குளோர் என்ற இரு உளவியலாளர்கள் இதைத் தொலைபேசியில் சோதித்தார்கள். வெயிலடிக்கும் நாளில் கூப்பிட்டு “வாழ்க்கை எப்படிப் போகிறது” என்று கேட்டால் “நன்றாகப் போகிறது” என்றார்கள். மழை நாளில் குறைத்துச் சொன்னார்கள். முதலில் “அங்கே வானிலை எப்படி” என்று கேட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டபோது அந்த வேறுபாடு மறைந்தது. பின்னால் பெரிய அளவில் செய்த ஆய்வுகளில் வானிலையின் விளைவு அவ்வளவு எடுப்பாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உணர்ச்சியின் ஊற்றைப் பெயர் சொல்லிச் சுட்டினால் அதன் பிடி தளரும் என்ற கருத்து அதற்குப் பிறகும் நிற்கிறது.

2018 தேசிய விருதுக் குழுவின் தலைவர் சேகர் கபூர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ஸ்ரீதேவியை ‘மிஸ்டர் இந்தியா’வில் இயக்கியவர் அவர். இறந்துவிட்டார் என்பதற்காகக் கொடுத்தால் மற்ற நடிகைகளுக்கு அநியாயம் என்று உறுப்பினர்களிடம் தானே வாதாடியதாகவும், தினமும் காலையில் வந்து மறுபடி ஓட்டெடுக்கச் சொன்னதாகவும், ஒவ்வொரு முறையும் அதே பெயரே வந்ததாகவும் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் பாதி நல்ல அறிவியல், பாதி அப்படியில்லை. அனுதாபத்தைப் பெயர் சொல்லி மேசையில் வைத்தது நல்ல பாதி. திரும்பத் திரும்ப ஓட்டெடுத்தது பெரிதாக உதவாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் தராசின் ஒரு தட்டு பத்து கிராம் சாய்ந்திருந்தால், மல்லிகையைப் பத்துத் தடவை நிறுத்தாலும் பத்துத் தடவையும் அதே பத்து கிராம்தான் தப்பும். திரும்ப அளப்பதால் முன்னும் பின்னுமாக ஆடும் பிழைதான் குறையும். ஒரே பக்கம் சாயும் பிழை அப்படியே நிற்கும். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. “பாவம் பார்க்கக் கூடாது” என்று விறைத்துக்கொண்ட நடுவர், தேவைக்கு மேல் குறைத்தும் போட்டுவிடுவார். தன் சாய்வு எத்தனை என்று தெரியாமல் அதைச் சரிசெய்யப் போனால் இப்படித்தான் ஆகும். அவ்வளவு எதிர்ப்பையும் தாண்டி அந்தப் பெயர் வந்தது என்றால் நடிப்பிலேயே வலு இருந்தது என்று நினைப்பதுதான் நியாயமாகப் படுகிறது.

ஓட்டை எண்ணும் முறைக்கு வருவோம். பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். ஆஸ்கரின் கடைசி ஓட்டில் சிறந்த படத்துக்கு மட்டும் ஓட்டாளர்கள் வரிசைப்படுத்தித் தருகிறார்கள். நடிப்புக்கு ஆளுக்கு ஒரே ஓட்டு. அதிகம் வாங்கியவர் ஜெயிப்பார், பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பத்தாயிரம் ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கும் 2,600, 2,400, 2,000, 1,700, 1,300 என்று விழ வேண்டிய நிலை. இரண்டாமவர் மீது அனுதாபம் கிளம்பி, மற்ற நால்வரின் ஓட்டாளர்களில் வெறும் 3 விழுக்காட்டினர் மனம் மாறுகிறார்கள். அவருக்கு 228 ஓட்டு கூடி 2,628 ஆகிறது; முதலாமவர் 78 இழந்து 2,522-க்கு இறங்குகிறார். முடிவே புரண்டுவிட்டது. அதே இடத்தில் முதலாமவர் 4,000 வாங்கும் நிலையில் இருந்தால்? புரட்டிப் போட ஏறக்குறைய 14 விழுக்காட்டினர் மாற வேண்டும். அனுதாபம் மலையைப் பெயர்க்காது. தராசு ஏற்கெனவே சமமாக நிற்கும் ஆண்டில் முள்ளைத் தள்ளும், அவ்வளவுதான்.

தேசிய விருதில் கதை வேறு. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட மத்தியக் குழு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறது. அங்கே ஒரு ஆளின் உருக்கமான பேச்சு ஐந்து பேரை இழுக்கும். ஆனால் அந்த முறைக்கு ஒரு வடிகாலும் உண்டு: பகிர்ந்து கொடுப்பது. மதுரைச் சேவல் சண்டையை வைத்து வந்த ‘ஆடுகளம்’ படத்துக்குத் தனுஷ் வாங்கியபோது சலீம் குமாரோடு பகிர்ந்தார். சோழவந்தான்காரர் ஒருவரின் கதையான ‘சூரரைப் போற்று’ படத்துக்கு சூர்யா வாங்கியபோது அஜய் தேவ்கனோடு. இழுபறியில் இருக்கும் குழுவுக்கு ஒருவரைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆஸ்கரில் அந்த வசதி கிடையாது. ஓட்டு எண்ணிக்கை அச்சாகச் சமமானால் மட்டும் இருவருக்கும் கொடுப்பார்கள்.

நடிகர் மீதான அனுதாபத்தோடு, பாத்திரத்தின் மீதான அனுதாபமும் கலந்துவிடுகிறது. அரிச்சந்திரா நாடகத்தில் மயான காண்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: லோகிதாசனை மடியில் போட்டுச் சந்திரமதி அழும்போது, நடிக்கிறவர் சுமாராகப் பாடினாலும் முன்வரிசை கண்ணைத் துடைக்கும். பாதி வேலையைக் கதையே செய்துவிடுகிறது. 1988 முதல் 1994 வரை ஏழு ஆண்டு ஆஸ்கர் நடிகர் விருதில் ஐந்து, ஆட்டிசம், உடல் முடக்கம், பார்வையின்மை, எய்ட்ஸ், அறிவுத்திறன் குறைவு உள்ள பாத்திரங்களுக்குப் போயின. 2021-இல் இரண்டு அனுதாபமும் நேருக்கு நேர் மோதின: இறந்துபோன போஸ்மேன் ஒரு பக்கம், நினைவு அழிந்துகொண்டே போகும் கிழவராக நடித்த 83 வயது ஹாப்கின்ஸ் மறுபக்கம். போஸ்மேன்தான் ஜெயிப்பார் என்று பலரும் எதிர்பார்த்த அந்த விழாவில், சிறந்த நடிகர் விருதை வழக்கத்துக்கு மாறாகக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். ஹாப்கின்ஸ் அங்கே வரவே இல்லை.

‘ரொம்ப நாளா கிடைக்கலையே’ என்ற அனுதாபம் இதைவிட நம்பகமற்றது. ஆறு முறை தோற்ற அல் பசீனோவுக்கு 1992-ஆம் ஆண்டுப் படத்தில் கிடைத்தது. எட்டு முறை பட்டியலில் வந்த பீட்டர் ஓ’டூலுக்குக் கடைசிவரை போட்டி விருது இல்லை. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்; சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவே இல்லை.

இதெல்லாம் டெல்லிக்கும் ஹாலிவுட்டுக்கும் மட்டும் உரிய சங்கதி இல்லை. மதுரைப் பக்கம் எந்தக் கல்லூரிக் கலைவிழாவிலும் மோனோ ஆக்டிங் மேடையில் இதே இயந்திரம்தான் ஓடுகிறது. இங்கே அதைப் பிரித்துப் பார்ப்பதும் எளிது. ஐந்து நடுவர்கள், நூற்றுக்கு மார்க். ஒரு மாணவிக்கு 78, 80, 79, 77, 81. இன்னொரு மாணவருக்கு 74, 76, 75, 73, 98. முதலாமவரின் மொத்தம் 395, இரண்டாமவருக்கு 396. நான்கு நடுவர்கள் பின்னால் வைத்த ஆள் ஒரே ஒரு நடுவரின் 98-ஆல் ஜெயித்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் மேல் மார்க் ஒன்றையும் கீழ் மார்க் ஒன்றையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டினால் மாணவிக்கு 237, மாணவருக்கு 225. குழப்பம் தீர்ந்தது.

ஐந்து பேரும் ஒரே மாதிரி உருகிவிட்டால் இந்த வைத்தியம் பலிக்காது. அப்போது மார்க் ஷீட்டையே குறுக்காகப் படிக்க வேண்டும். குரல், முகபாவம், உடல்மொழி, பாத்திரப் பொருத்தம், நேரம் என்று ஐந்து கட்டம், கட்டத்துக்கு 20. நிதானமாகப் பார்த்த நடுவரின் வரிசை 17, 12, 15, 16, 10 என்று ஏறி இறங்கும். உருகிப்போன நடுவரின் வரிசை 18, 18, 19, 18, 18 என்று தட்டையாக இருக்கும். நேரம் ஒன்றரை நிமிடம் கூடிப்போன ஆளுக்கும் ‘நேரம்’ கட்டத்தில் 18 விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். 1920-இலேயே உளவியலாளர் தார்ண்டைக் இதைக் கண்டுகொண்டார்: இராணுவ அதிகாரிகள் தங்களுக்குப் பிடித்த வீரருக்கு உடல்வாகு, அறிவு, தலைமைப்பண்பு எல்லாவற்றிலும் சேர்த்து அள்ளிக் கொடுத்திருந்தார்கள்.

தடுப்பது சரிசெய்வதைவிட மலிவு. செஸ்ட் நம்பர் மட்டும் சொல்ல வேண்டும். பெயர், கல்லூரி, வீட்டுச் சோகம் எதுவும் மைக்கில் வரக் கூடாது. “அப்பா தவறி மூணு நாள்தான் ஆச்சு, இருந்தும் நம்ம தம்பி வந்திருக்காப்ல” என்று அறிவிப்பாளர் ஒரு வரி சொன்னால் போதும், ஐந்து மார்க் ஷீட்டும் கெட்டது. ஒவ்வொரு நடிப்பு முடிந்ததும் அந்த இரண்டு நிமிடத்திலேயே மார்க்கை எழுதி வாங்கிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு போடலாம் என்றால் நினைவில் நிற்பது அழுகை மட்டுமே. முதல் இரண்டு பேருக்குப் பென்சிலில் போட்டுவிட்டு நாலாவது ஆள் முடிந்ததும் பேனாவில் உறுதிசெய்யலாம். இல்லாவிட்டால் முதலில் வந்தவருக்குக் கையிறுக்கமாகவே விழும்.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் செஸ்ட் நம்பர் பாதிப் பாதுகாப்புதான். திருச்சியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒரு நடுவரையாவது வரவழைப்பது பஸ் காசுக்குத் தகும். அவரை மதியச் சாப்பாட்டுக்கு ஒருங்கிணைப்பாளர்கள் மேசையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். யார் வீட்டில் என்ன நடந்தது என்ற கதையெல்லாம் சாம்பாரோடு பரிமாறப்படுவது அங்கேதான்.